பூட்டிய ஷட்டருக்குள் ஒரு படம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பத்துக்கு என் மகள் என் முழங்கையைப் பிடித்தாள். படம் தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருந்தது. அவள் மூச்சில் விசில் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம்தான்.

பெரம்பலூரில் எங்கள் தெருவில் காலியாகக் கிடந்த பருத்திக் குடோனில் எட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு படம் போடுகிறோம். தியேட்டர் பக்கமே வராத, பாட்டும் சண்டையும் இல்லாத படங்கள். கூட்டுவது, நாற்காலி போடுவது எல்லாம் நாங்களே. வெயில் திரையில் விழக்கூடாது என்று ஜன்னல்களைக் கறுப்பு அட்டை வைத்து ஆணியடித்து மூடியிருந்தோம். தாமதமாக வருகிறவர்கள் ஷட்டரைத் தூக்கிப் பார்க்கிறார்கள் என்று, அதை இறக்கி வெளியே பூட்டும் வழக்கம். சாவி எங்களில் ஒருவரான செல்போன் கடைக்காரரிடம்; அவர் வாசலில் காவல். போனும் பையும் வெளியே மேசையில்.

இதற்கெல்லாம் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. மகள் இன்ஹேலரைக் கையில் எடுத்தபோது, இருட்டில் எங்கேயாவது விழுந்துவிடும், பையிலேயே இருக்கட்டும் என்று சொன்னதும் நான்தான்.

எழுந்து ஓடி ஷட்டரைத் தட்டினேன். பின்னாலிருந்து ஒருவர், உட்காருங்க, மறைக்குது என்றார். புரொஜெக்டர் ஓட்டும் அரியலூர்க்காரரிடம் மகளுக்கு மூச்சுத் திணறுகிறது, நிறுத்துங்கள் என்று கத்தினேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரே நிமிசம் டீச்சர், இந்த ஷாட்டு முடிஞ்சிரட்டும்."

ஷாட்டு. என் பிள்ளை தோள் ஏறி இறங்க, உதடு வெளுத்து உட்கார்ந்திருக்கிறாள். இவருக்கு ஷாட்டு முடியணும். வயரைப் பிடுங்கி எறிந்தேன். அப்புறம்தான் விளக்கைப் போட்டார்கள். ரசனையுள்ள மனிதர்கள் எல்லாரும் எழுந்து வந்து ஷட்டரை அடித்தார்கள். வெளியே சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவளால் பேச முடியவில்லை. என் புடவையைக் கசக்கிப் பிடித்திருந்தாள்.

இப்போதும் அவள் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டால் நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன்.

நாலு இருபத்தைந்துக்கு ஷட்டர் மேலே போனது. குனிந்து வெளியே பாய்ந்து பையைக் கவிழ்த்து இன்ஹேலரை எடுத்து வந்தேன். இரண்டு முறை இழுத்தாள். நெஞ்சு மெல்ல அடங்கியது.

கடைக்காரர் ஒரு கையில் சாவியும் மறு கையில் டீ கிளாஸுமாக நின்றார். எதிர் டீக்கடையில்தான் இருந்தாராம்.

"சத்தம் கேட்டுச்சுக்கா," என்றார். "பரவால்லயே, நம்ம படத்துலயும் சண்டை வந்துருச்சேன்னு உக்காந்துட்டேன்."