ஓரகத்தியின் வடகப் பாக்கெட்

டின்னைக் கண்டுபிடித்துப் பல வருஷம் கழித்துத்தான் அதைத் திறக்கும் கருவியைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை உளியும் சுத்தியலும்தான். உருளைக்கிழங்கு சிப்ஸைப் பையில் போட்டு விற்கத் தொடங்கிய காலத்தில், அங்கே வேலை பார்த்த பெண்கள் மெழுகுத்தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பையாக ஒட்டினார்களாம். இப்படி எனக்கு நிறையத் தெரியும். எல்லாம் போனில் படிப்பதுதான். பெரம்பலூரில் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடிச் சாப்பிடும்போது இதில் ஒன்றை எடுத்துவிடுவேன். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

என் ஓரகத்தி பாக்கெட் போட ஆரம்பிக்கும் வரைதான் அதெல்லாம். என் கொழுந்தனின் மனைவி அவள், குரும்பலூரில் இருக்கிறாள். எங்கள் பக்கத்துச் சின்ன வெங்காயத்தில் தாளிப்பு வடகம் போட்டு, பாக்கெட்டில் அடைத்து, அரியலூர் பஸ் ஸ்டாண்டு கடை வரைக்கும் அனுப்புகிறாள். மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் அவள் போட்டோ, சிரித்துக்கொண்டு வேறு இருக்கிறாள். கடைக்குப் போனால், ஒரு அப்பளப் பாக்கெட்டை எடுத்து அந்த முகத்துக்கு முன்னால் வைத்துவிட எனக்குக் கை துறுதுறுக்கும்.

அவள் விற்றுவிட்டுப் போகட்டும். என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம், "சித்தி வடகம் ரெண்டு பாக்கெட் எடுத்து வைம்மா" என்பாள். அங்கேதான் எனக்கு வயிறு எரியும். பெற்றவள் நான் இருக்க, அவள் குழம்பு இன்னொருத்தி கையால் மணப்பதா?

இந்தச் சித்திரையில் நானே போட்டேன். வெங்காயத்தோடு பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து மாடியில் காய வைத்தேன். நடுவில் கோடை மழை பிடித்துக்கொண்டது. மகள் கிளம்பும் நாளில் உருண்டைகள் மேலே காய்ந்திருந்தன. அழுத்தினால் உள்ளே லேசாக மெத்தென்று இருந்தது. வடகத்தை மண்சட்டியில் போட்டுத் துணியால் வேடு கட்டி வைப்பதுதான் எங்கள் வழக்கம். சட்டிக்குள்ளும் அது மெல்லக் காய்ந்துகொண்டிருக்கும். ஆனால் ஓரகத்தி பாக்கெட்டில் கொடுக்கும்போது நான் துணியில் முடிந்து கொடுப்பேனா? சீல் வைக்கும் மெஷினையே வாங்கிவிட்டேன். கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், ஒரு பிரெஞ்சு சமையல்காரர் காற்றுப் புகாமல் பாட்டிலில் அடைத்தே உணவைக் கெடாமல் காத்தார் என்று மகளுக்கு விளக்கிக்கொண்டே ஒட்டினேன். அவர் அந்தப் பாட்டில்களை வெந்நீரில் கொதிக்கவும் வைத்தார் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

கொஞ்ச நாளில் மகள் போன் செய்தாள். "உன் வடகம் சூப்பரும்மா. தாளிச்சதும் பக்கத்து ரூம்லேருந்தெல்லாம் வந்துட்டாங்க." எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே குரும்பலூருக்கு பஸ் ஏறினேன்.

"பாப்பாவுக்கு இப்ப எம் வடகம்தான் உசுரு" என்றேன் ஓரகத்தியிடம்.

"இருக்காதாக்கா பின்ன" என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு வந்த கொழுந்தன், "வாங்கண்ணி. உங்க வடகம் பூசணம் பூத்துருச்சுன்னு பாப்பா போன் பண்ணுச்சே, நாங்க அனுப்புன பார்சல் போய்ச் சேந்துருச்சாமா?" என்றார்.

"ஏங்க!" என்று அடுப்படியிலிருந்து ஒரு அதட்டல். பிறகு ஓரகத்தியே வந்து நின்றாள். "உங்க மனசு கஷ்டப்படும், சொல்லிடாதீங்க சித்தின்னுச்சுக்கா."

பூசணம் பூத்ததுகூடப் போகட்டும். வடகம் கெட்டதும் என் மகளுக்குக் கூப்பிடத் தோன்றியது அவளைத்தான். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு என் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஓரகத்தி மேல் எரிந்து விழக்கூட எனக்கு ஒரு வழி இல்லை. அவள் கொடுத்த காபியைக் குடித்தேன். நன்றாக வேறு இருந்தது, பாவி.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். தெரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை. இப்போதாவது சொல்வாளா என்று, "வடகம் இருக்கா, தீந்துருச்சா?" என்று கேட்டேன்.

"கொஞ்சந்தாம்மா இருக்கு. அடுத்த தடவையும் நீயே போட்டுக் குடு" என்றாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். காய்ச்சலில் கிடப்பவர்களிடம் நான் பேசும் குரல் அது. சித்தியிடம் அவள் அப்படிப் பேசுவதில்லை. சித்தியிடம் அவளால் உள்ளதைச் சொல்ல முடிகிறது.