எண்ணெயைக் கண்டால் ஆகாதவள்

தொப்பியின் காதுமறைப்பைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தபின், ஊலீபிகா விசையை இழுக்கிறாள். 'டக்'. ஓசை கூர்மையாகக் கேட்டால் தலையாட்டிவிட்டு அடுத்த துப்பாக்கியை வாங்குகிறாள். ஹட்சன் விரிகுடாவின் பனி விளிம்பில் சீல் என்ற கடல்நாயை வேட்டையாடக் கிளம்புகிறவர்கள், பனிவண்டிகளுக்குப் பக்கத்தில் காத்து நிற்கிறார்கள். இந்த வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளிடம் காட்டாமல் கிளம்பவும் எவனுக்கும் துணிச்சலில்லை.

துப்பாக்கியோடு யாராவது வீட்டுக்குள் நுழைந்தால் வாசலிலேயே மடக்குவாள். "உள்ள வந்தா அதுக்கு வேர்க்கும்டா. வெளிய போனா அந்த வேர்வை உறைஞ்சிடும். அப்புறம் கரடிகிட்ட கொஞ்சம் பொறுன்னு கெஞ்சுவியா?" இந்தக் குளிரில் எண்ணெய் பிசினாகிவிடும். அதனால் பென்சில் முனையை உரசி எடுத்த கரித்தூளைத்தான் தோட்டாவை அடிக்கும் ஊசி இருக்கும் போல்ட்டில் தேய்ப்பாள்.

அவள் கணவன் பனிலுவுக்கோ எண்ணெய் பூசிய பளபளப்பின் மேல் தீராத ஆசை. போன வசந்தத்தில் கரடி எதிரே நின்றபோது அவன் துப்பாக்கி வெடிக்கவில்லை. எண்ணெயில் மந்தமான ஊசி தோட்டாவைத் தொட்டதோடு சரி. வண்டியிழுக்கும் நாய்கள் பாய்ந்ததால் பிழைத்தான். அந்தக் கதையை அவன் சிரித்துச் சிரித்துச் சொல்லுவான். அவள் எழுந்து போய்விடுவாள்.

இன்று கடைசியாக அவன் துப்பாக்கி. 'லப்' என்று மந்தமாகக் கேட்டது.

"யோவ், நேத்துதானே துடைச்சு வச்சேன்? மறுபடி தடவினியா?"

"துருப்பிடிக்குமேன்னு... ஒரே ஒரு சொட்டுதான்."

"அந்த ஒரு சொட்டுதான்யா உன்னைக் கொல்லப்போவுது."

"விடுக்கா, நாங்கதான் கூட இருக்கோமே," என்றான் பக்கத்து வீட்டு அத்தாமி.

"கரடி உன்கிட்ட கேட்டுட்டா வரும்?"

உள்ளே கொண்டுபோனால் வேர்க்கும். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் காற்றிலேயே நின்று போல்ட்டைப் பிரித்தாள். ஊசியையும் சுருள்வில்லையும் வேட்டை அடுப்புக்கு வைத்திருந்த பெட்ரோலில் அலசினாள். பெட்ரோல் பட்ட விரல் இந்தக் குளிரில் நொடியில் உறைந்து மரத்துவிடும் என்று அவளுக்குத் தெரியாதா? துடைத்தாள், மாட்டினாள், விசையை இழுத்தாள்.

'டக்'.

பனிலு மேலங்கியையும் சட்டையையும் மார்புவரை தூக்கினான். வெளுத்துப்போன கைகள் இரண்டையும் அவள் அவனுடைய வெறும் வயிற்றில் அழுத்தினாள். அவன் போட்ட அலறலில் கூட்டமே சிரித்தது. விரல்களில் உணர்ச்சி திரும்பும்வரை அவள் கையை எடுக்கவில்லை, அவனும் சட்டையை இறக்கவில்லை.