எழுபது டிகிரிக்கு மேல் கிடையாது

"அரிகிருஷ்ணன், வயது 63. வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, மார்ச் 2006. அமைதியான சுபாவம். நன்கு ஒத்துழைப்பவர்."

மருத்துவமனைக் கோப்பில் நர்ஸ் இப்படி எழுதியபோது அவர் மயக்க மருந்தில் இருந்தார். அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அரிகிருஷ்ணன் மில்லில் முப்பது வருஷம் தறி ஓட்டியவர். ஓட்டியதைவிட நிறுத்தியதே அதிகம் என்று நிர்வாகம் சொல்லும். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்ட தொழிற்சங்கத் தலைவர் அவர்.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கச் சொன்னார்கள், நின்றார். நடக்கச் சொன்னார்கள், கழிவறை வரை போய் வந்தார். தகராறு முழங்காலை மடக்குவதில்தான் வந்தது. பிசியோதெரபிஸ்ட் பாரதி வலி மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து வருவாள், மடக்குவாள், பிறகு ஐஸ் வைப்பாள். தினமும் சில டிகிரி கூட்ட வேண்டும் என்றாள். இவருக்கு அது கூலிப் பேச்சுவார்த்தையாகவே பட்டது. அவள் எண்பது கேட்டாள். இவர் அறுபதில் பிடித்து, பெரிய மனது பண்ணி எழுபதுக்கு வந்து நின்றுகொண்டார். ஐந்தாம் நாள், அதே அறுவை சிகிச்சை முடிந்து கிடந்த பக்கத்துக் கட்டில்கள் இரண்டும் ஆதரவு தெரிவித்தன. மூன்று கால்களும் எழுபதைத் தாண்டவில்லை.

இத்தனைக்கும் அவர் அறுக்கச் சம்மதித்ததே, அரியாங்குப்பம் பாலத்தை மறுபடி தன் சைக்கிளில் கடக்கத்தான்; பாரதியிடமும் முதல் நாளே சொல்லியிருந்தார். இல்லையென்றால் பாவாடை என்ற தன் மச்சானின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் தொற்றிக்கொண்டு போக வேண்டும். பாவாடை, ஒரு வேலைநிறுத்தத்தின்போது பின்வாசல் வழியாக மில்லுக்குள் போனவன். இருபது வருஷமாக அவனோடு பேச்சில்லை.

ஆறாம் நாள் பாரதி வந்தாள். காலைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னாம்மா, ஆரம்பிக்கலியா?"

"கதவடைப்புங்க. நீங்களா கூப்புடற வரைக்கும் நான் தொடமாட்டேன்."

அவருக்கு அவள்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது. எத்தனை நாளைக்கு என்று விசாரித்தார். எத்தனை நாளானாலும் தனக்குச் சரிதான், உள்ளே தழும்பு இறுகிப்போனால் டாக்டர் மறுபடி மயக்கம் கொடுத்து மடக்க வேண்டி வரலாம், அவ்வளவுதான் என்றாள்.

"பெடல் முழுசா சுத்தணும்னா நூத்திப்பத்து வேணுங்க. எழுபதுக்குப் பின்சீட்டுதான்."

மனைவி சுலோசனா ஆரஞ்சுப் பழத்தை உரித்தபடி, "எந்தம்பிகிட்ட சொல்லி வைக்கட்டா? வண்டிய தொடச்சி வைப்பான்" என்றாள்.

அரிகிருஷ்ணன் நிபந்தனை போட்டார்.

"நீ கை வைக்கக் கூடாது. நானே மடக்குவேன்."

பாரதி உடனே ஒப்புக்கொண்டாள். செய்முறையை மட்டும் சொல்லிக்கொடுத்தாள். பேச்சுவார்த்தை முழு வெற்றி என்று அவர் பக்கத்துக் கட்டில்களுக்கு அறிவித்தார்.

பிறகு கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, இடது பாதத்தால் வலது காலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளினார். அன்று எழுபத்தெட்டு வந்தது. வீட்டிலும் தினம் மூன்று வேளை மடக்கினார். பன்னிரண்டாவது வாரம் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி மடக்கினார், பெடலுக்குக் கேட்டதைவிட இரண்டு அதிகம்.