தங்கச்சியின் இரத்தம் என் கண்ணுக்கு வந்த வழி

முதலில் மணல்தான் என்று நினைத்தேன். கரைத்தீவில் காற்று எழும்பினால் எல்லார் கண்ணிலும் மணல் விழும். ஆனால் காற்று அடங்கின பிறகும் என் கண் உறுத்தியது. ஒரு மையத்து வீட்டில் எல்லாரும் அழ, எனக்கு மட்டும் ஒரு துளி வரவில்லை. அன்றைக்குத்தான் பயந்தேன்.

அதற்கு முந்தின வருஷம் எனக்கு இரத்தப் புற்றுநோய். தங்கச்சி நஸீமாவின் குருத்துக்கலங்களை (புது இரத்தத்தைப் பிறப்பிக்கும் கலங்கள்) ஏற்றித்தான் பிழைத்தேன். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தோம்; அது முடிந்த பிறகு திரும்பிப் போனவள் அவள். எலுவன்குளம் காட்டுப் பாதையால் வந்து, கொழும்பில் தந்துவிட்டுப் போனாள்.

கண் டொக்டர் விளக்கை அணைத்துவிட்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"தங்கச்சிட கலங்கள் உங்கட கண்ணை அந்நியமா நினைக்குது. கண்ணீர்ச் சுரப்பியைக் காயப்படுத்திட்டுது."

விழியின் முன்படலம் (ஒளி நுழையும் கண்ணாடி) இயல்பில் இரத்தக்குழாய் இல்லாதது; அதனால்தான் தெளிவாயிருக்கிறது. காய்ந்து புண்ணான என் படலத்துக்குள் ஓரத்திலிருந்து குழாய்கள் வளர்ந்து வந்தனவாம். இடக்கண்ணில்தான் கடுமை; நடுவை எட்டினால் அதன் பார்வை போய்விடும்.

"சிவப்பாத் தெரியிறது இரத்தக்குழாய். தெரியாமலும் வருது, நிணநீர்க்குழாய் (நிறமில்லாத நீர் ஓடுவது). அதால கண்ணுட சேதி உடம்புக்குப் போகும். பிறகு வேற ஆள்ட படலம் வச்சாலும் உடம்பு லேசில ஏத்துக்காது."

தெரிகிறதை விடத் தெரியாததற்கே அதிகம் பயப்படுகிற ஆள் நான். எங்கள் ஊர் உப்பளத்தில் மதகைத் திறந்தால் களப்புத் (கடலோடு சேர்ந்த ஏரி) தண்ணீர் ஓசையில்லாமல் பாத்திகளுக்குள் பரவும். கண்ணை மூடினால் அதுதான் வந்தது.

நஸீமாவின் கலங்கள் பிறப்பிக்கும் என் இரத்தத்தை எடுத்து, சிவப்பை நீக்கி, தெளிந்த நீரைச் சொட்டு மருந்தாக்கித் தந்தார்கள். ஐஸ் பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்தேன். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டு வந்த ஸம்ஸம் தண்ணீரும் ஒரு சொட்டு விடச் சொன்னாள் மனைவி. டொக்டரிடம் கேட்டேன். "குடிங்க. கண்ணுக்குள்ள விடாதீங்க." உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நஸீமாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மனைவி சொல்லிவிட்டாள். உடனே அவளிடமிருந்து போன் வந்தது. என்னை நானா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, என்ட ரத்தமா உங்கட கண்ணைக் கடிக்குது?"

"சொன்னா நீ கவலைப்படுவாய்."

"கவலையெல்லாத்தையும் நீங்களே குத்தகைக்கு எடுத்துட்டீங்க, எனக்கெங்க மிச்சம்? புது வீட்டுக்கு வந்தா அறை அறையாத் திறந்து பார்க்கத்தானே செய்யும். அந்த அறைக்குள்ள போக வேணாமெண்டு சொல்லி வைங்க."

நான் சிரித்தேன். சொல்லியும் வைத்தேன், ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும்.

மாதங்கள் போயின. செந்நூல்களாய்த் தெரிந்த குழாய்கள் நடுவை எட்டாமல் நின்றன. சில குழாய்கள் இரத்தம் வற்றி, வெறும் கோடுகளாய்க் கிடக்கின்றனவாம். "நிண்டிருக்கு. போயிட்டுதெண்டு சொல்லல்ல," என்றார் டொக்டர்.

பெருநாளுக்கு நஸீமா வந்தாள். முன்னால் கதிரையில் உட்கார்ந்து, நான் சொட்டு விடுவதைப் பார்த்தாள். மருந்து என் கன்னத்தில் வழிந்தது.

"நானா, அழுறீங்களா?"

"நானில்ல. நீதான்."

அவள் முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு தன் கண்ணையும்.

எனக்கு இப்போது விடிவது மெதுவாகத்தான். சொட்டு விட்டுக் கண்ணைத் திறந்தால் களப்பு முழுக்க வெள்ளை. அதிலிருந்து ஒரு தோணி வரும். கொஞ்சம் கழித்து, தோணிக்குள் ஒரு ஆள். ஆள் தெரியும்வரை காத்திருக்கிறேன்.