எங்கள் நூலக நிறுவனரின் கையில் இருக்கும் கயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

நாளை எங்கள் ஊர் நூலகத்தில் நிறுவனர் நாள். பள்ளியின் சார்பில் அவரைப் பற்றிப் பேசப்போவது நான். கூடத்தில் பிளாஸ்டிக் மாலையோடு தொங்கும் எண்ணெய் ஓவியம்தான் நிறுவனர்.

குறிப்புத் தேடியபோது, பொது இடங்களில் உள்ள ஓவியங்களின் இணையப் பட்டியலில் அதே முகம் அகப்பட்டது. தலைப்பு: 'கரைவலை இழுப்பவர்'. குளச்சல் கடற்கரையில் ஓவியர் கண்ட மீனவராம். பெயர் தெரியவில்லையாம்.

சாயங்காலம் நூலகரிடம் ஓடினேன்.

"சார், இவரு நிறுவனர் இல்ல. மீன் பிடிக்குத ஆளு."

"ஏட்டி மக்கா, வருசாவருசம் மாலை போட்டுக் கும்பிட்டாச்சு. இனி இல்லேன்னு சொல்ல முடியுமா?"

மாலையை விலக்கிக் காட்டினேன். இரு கைகளிலும் வலை இழுக்கும் தடித்த கயிறு.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கயிறுதானே? கொடியேத்துகாரு."

"சட்டை இல்லாமலா சார்?"

"அந்தக் காலத்துத் தியாகி மக்கா. அதையும் சேத்துப் பேசு."

ஆக, உரை தயார். வலை இழுத்தவருக்கு நாளை ஒரு நிமிடமாவது கொடுக்கட்டுமா, இல்லை கொடியையே ஏற்றிவிடட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

அவர் முகத்தை இன்னொரு முறை பார்க்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.