ஆறு வீட்டுக் குப்பை

ஒரே ஆளின் குப்பையை ஆறு வீட்டுக் குப்பையாகப் பிரிக்கத் தனிக் கைப்பக்குவம் வேண்டும். பெரில் ஆஷ்வொர்த்துக்கு அது வந்துவிட்டது. வியாழக்கிழமை காலையானால், இரவு உடைக்கு மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, உருளைக்கிழங்குத் தோலைப் பக்கத்து வீட்டுத் தொட்டியில் போடுவாள். தேயிலைப் பைகள் அதற்கடுத்த வீட்டுத் தொட்டிக்கு. மீன் டப்பா இன்னொன்றுக்கு. பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தெருவோரம் உருட்டி வந்து நிறுத்துவாள். சக்கரச் சத்தம் ஆல்மா தெரு முழுக்கக் கேட்கும். கேட்கத்தான் ஆள் கிடையாது.

"ஒத்தத் தொட்டிக்குக் குப்பை லாரிக்காரன் உள்ள வரமாட்டான் கண்ணு. ஒரு தடவை முனையிலயே திரும்பிப் போயிட்டான். கழுதை, ஆறு வீட்லயும் ஆள் இருக்கறதா நெனச்சுட்டுப் போகட்டுமே!" என்பாள், யாராவது கேட்டால்.

எல்லாம் அரசாங்கத்தின் கைங்கரியம். இங்கிலாந்தில், லங்காஷைரின் இந்தப் பழைய ஆலைத் தெருவில் வீடு வாங்க ஆளில்லை என்று கண்டுபிடித்து, இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் ஒதுக்கினார்கள். அக்கம்பக்கத்தார் கொடுத்த விலையை வாங்கிக்கொண்டு போனார்கள். காலியான வீடுகளின் கதவு ஜன்னல்களை நகரசபை தகரம் அடித்து மூடியது. பெரிலும் பீங்கான் சாமான்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டி கட்டினாள். அதற்குள் லண்டனில் ஆட்சி மாறிப் பணம் நின்றது. இடிக்கும் இயந்திரம் எதிர்த் தெருவை இடித்ததோடு திரும்பிப் போயிற்று. இப்போது இடிக்கப் போவதில்லையாம். செப்பனிட்டுக் குடியேறுபவருக்கு ஒரு பவுண்டுக்கே வீடாம். இதற்கிடையில் யாரோ வந்து தகரங்களின் மேல் ஜன்னல் வரைந்துவிட்டுப் போனார்கள், திரைச்சீலையும் பூனையும் சகிதமாக. முதல் நாள் அந்தப் பூனையை "ச்சூ ச்சூ, வாடா" என்று சாப்பிடக் கூப்பிட்டதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பெட்டிகளை அவள் இன்னும் பிரிக்கவில்லை. வெளியே இருப்பது ஒரே கோப்பை. புதன்கிழமை நகரசபையிலிருந்து கெவின் பார்ன்ஸ் வந்தபோது அதை அவரிடம் நீட்டிவிட்டு, தான் மாவளக்கும் குவளையில் டீ குடித்தாள்.

"இருக்கீங்களா, போறீங்களா, மிஸஸ் ஆஷ்வொர்த்? நாளைக்குச் சொல்லிடுங்க. இல்லேன்னா உங்களுக்கு எடுத்துவெச்ச மேட்டுத் தெரு வீட்டை வேற யாருக்காவது குடுத்துருவாங்க."

"அன்னிக்குப் போன்னீங்க. மூட்டை கட்டினதும் இருன்னீங்க. இப்ப என்னையே கேக்கறீங்க. முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்கப்பா!"

கெவின் தலையைச் சொறிந்தார்.

"சரி, நான் இருந்தா, பக்கத்துல யாராச்சும் வருவாங்களா?"

"பக்கத்து வீட்டுச் சாவியை ஒரு தம்பதிக்குக் குடுத்திருக்கோம். வந்து தங்குவாங்களான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"உங்களுக்கு முன்னாடி வந்தவர் பண்ணினாரே!"

பாவம், நன்றாகக் குழம்பித்தான் போனாள். கெவின் போனதும் ஒரு தட்டைப் பிரித்து அலமாரியில் வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தாள். திரும்ப எடுத்துச் சுற்றி வைத்தாள். தனியாக இந்தத் தெருவிலேயே செத்துப் போவோமோ என்று பயமாக இருந்தது. மேட்டுத் தெருவுக்குப் போனாலும் தனிதானே என்றும் தோன்றியது.

மறுநாள் காலை வழக்கம்போலப் பக்கத்து வீட்டுத் தொட்டியைத் திறந்து உருளைக்கிழங்குத் தோல் கட்டிய பையைப் போட்டாள். அது அடியில் போய் விழவில்லை. எட்டிப் பார்த்தாள். உள்ளே முட்டை ஓடுகள், பால் பாட்டில், சுருட்டிப் போட்ட குழந்தை அணையாடைகள்.

"இதை எவன் கொண்டாந்து போட்டான்?" என்று நிமிர்ந்தாள். மாடி ஜன்னலில் ஒரு நீலப் போர்வை தொங்கிற்று. நேற்று வரை அங்கே தகரம்தான் இருந்தது. இதையும் வரைந்துவிட்டுப் போனார்களா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். காற்றில் போர்வை அசைந்தது.

பெரில் தொட்டிக்குள் குனிந்தாள். தன் பையைத் தேடி வெளியே எடுத்தாள். அதைத் தன் வீட்டுத் தொட்டியிலேயே போட்டு மூடினாள்.