‘ஸ்டார்ட்’ போட்ட தந்திகள்

தந்தி ஆபீசில் ஆள் கண்ணில் படுவதற்கு முன்னால் ‘கட், கடகட்’ என்கிற சத்தம்தான் காதில் விழும். அந்தச் சத்தத்தில் பாதி ‘ஸ்டார்ட்’ என்ற ஒரே இங்கிலீஷ் வினைச்சொல். திருச்சியில் பதினாறு வருஷம் ராத்திரி டியூட்டியில் அதை அடித்தவன் நான். பி.ஏ. படித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் சொல்லாமலே புரியும்.

பக்கத்து கவுண்ட்டர்

அந்த பி.ஏ., காட்டூர் கோபாலன். எங்கள் இருவரில் ஒருவரைப் பகல் டியூட்டிக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. நான் எட்டாவதோடு நின்று, பழைய அகராதியைப் புரட்டிப் புரட்டி இங்கிலீஷ் கற்றவன். ஜனங்களுக்கு அது தெரியுமா? சாயங்காலத்தில் என் கவுண்ட்டர் காலி, அவரிடம் வரிசை. லால்குடிக்காரர் ஒருவரை, “இங்க வாங்களேன்” என்று கூப்பிட்டேன்.

“பரவாயில்லீங்க, அவரு எழுதினா சரியா இருக்கும். நிக்கிறேன்.”

ஸ்ரீரங்கத்துக்காரர்

ஒருநாள் என்னிடமும் ஒருவர் வந்தார். ஸ்ரீரங்கம். தாயார் தவறிவிட்டார், பம்பாயில் இருக்கும் தம்பிக்குத் தகவல் சொல்லவேண்டும். ‘மதர் எக்ஸ்பயர்ட்’ என்று எழுதினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா ஆசார்யன் திருவடி அடைஞ்சதை நெனச்சு அவன் ரயில்ல தனியா அழவேண்டாம். ‘சீரியஸ், ஸ்டார்ட் இமிடியட்லி’ன்னு போடுங்கோ. வந்து சேரட்டும், நாங்க சொல்லிக்கறோம்.”

அகராதி

‘ஸ்டார்ட்’டுக்குப் பழைய பொருள் துள்ளி எழுவது, திடுக்கிடுவது; ‘கிளம்புவது’ என்ற பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது. இதைக் கண்டுபிடித்த அன்று பகலெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. யதேச்சையாகச் சொல்வதுபோலக் கோபாலனிடம் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“ஆமா சார், காலேஜ்ல சொல்லிக் கொடுத்தாங்க.”

தொட்டியத்துப் பேரன்

தொட்டியத்து வாழை விவசாயி ஒருவருக்குப் பேரன் பிறந்திருந்தான். டில்லியில் இருக்கும் மாப்பிள்ளைக்கு ‘சன் பார்ன், கம்’ என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கோபாலன் சாப்பிடப் போனார். இதற்கா பி.ஏ. என்று ‘கம்’மை வெட்டினேன். பெரியவரைச் சம்மதிக்க வைத்து ‘ஸ்டார்ட் இமிடியட்லி’ என்று போட்டேன்; தகப்பனானவன் துள்ளி எழட்டுமே. சாவுத் தந்தியெல்லாம் அந்த வார்த்தையோடுதான் போகும்; நம் ஊர்ப்பக்கத்து ஆள் அதைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கோபாலன் எழுத்தின் மேல் என் எழுத்து ஏறவேண்டும் என்பதைத் தவிர அப்போது வேறொன்றும் தோன்றவில்லை.

அஞ்சாம் நாள், சூப்பர்வைசர் நிற்கும்போதே பெரியவர் வந்தார். குரலில் கோபம்கூட இல்லை.

“பிள்ளை பொறந்துச்சு சரி, ஸ்டார்ட் எதுக்கு, அவளுக்கு என்ன ஆச்சோன்னு மாப்பிள்ளை வழியெல்லாம் பச்சத்தண்ணி குடிக்கலீங்க. சாவு மாலையோட வந்து எறங்குனாரு. எம் மக பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டிருக்கா, பாத்துட்டு வாசப்படியிலேயே உக்காந்துட்டாரு.”

பகல் டியூட்டி கோபாலனுக்குப் போயிற்று. பொருத்தமான ஆள்தான் என்று வயிறு எரிய நானே எல்லோரிடமும் சொல்லிவிட்டு, வந்து கிடந்த தந்திகளை மடித்து உறையில் போட்டு ஒட்டத் தொடங்கினேன்.